கேமன் தீவுக்குக் கப்பலில் போக அப்பா அம்மாவுக்கும் உங்களுக்கும் என்னென்ன தேவை

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். டெக்சஸில் ஹெச்-1பி என்ற பணி விசாவில் வேலை பார்க்கிறீர்கள். மனைவி ஹெச்-4, அதாவது உங்களைச் சார்ந்த விசா. பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பிங் இருவருக்கும் காலாவதி, ஆனால் குடியேற்றத் துறையின் ஐ-797 ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது. அப்பா அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வந்து நாலு மாதம் ஆகிறது. மூன்று வயதுப் பிள்ளை அமெரிக்காவிலேயே பிறந்தது. மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல்: மெக்ஸிகோவின் கோசுமெல், கேமன் தீவுகளில் பெரியதான கிராண்ட் கேமன், ஜமைக்காவின் ஃபால்மத். அம்மாவுக்கு முட்டிவலி. கேமனில் கோவிட் கட்டுப்பாடெல்லாம் எடுத்துவிட்டார்களாமே, இனி ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஐந்து பேரும் கரையில் இறங்க முடியுமா, ஐந்து பேரும் மயாமிக்குத் திரும்பி வர முடியுமா? இதில் தீவின் பங்கு மிகக் குறைவு.

தீவைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கேமன் 2020 மார்ச்சில் கப்பல்களை நிறுத்தியது. இரண்டு வருடம் ஒரு சுற்றுலாக் கப்பலும் உள்ளே வரவில்லை. 2022 மார்ச்சில் மறுபடி விட்டார்கள், தடுப்பூசிச் சான்று, பரிசோதனை போன்றவை அதன்பின் படிப்படியாகப் போயின. இன்று அந்த வகையில் உங்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காலையில் இறங்கி மாலையில் அதே கப்பலுக்குத் திரும்பும் பயணியிடம் தனி விசாவும் கேட்பதில்லை. ஏனென்றால் பயணிகள் பட்டியலைக் கப்பல் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது, உங்களைத் திரும்ப அழைத்துப்போகும் பொறுப்பும் கப்பலுடையது. இந்தச் சலுகை கப்பலுக்கு உரியது, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு உரியது அல்ல. கப்பலைத் தவறவிட்டாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தாலோ, அந்த நிமிடமே நீங்கள் சாதாரண இந்திய பாஸ்போர்ட்காரர் ஆகிவிடுவீர்கள். குடிவரவு அலுவலகம், விமான டிக்கெட் எல்லாம் தனிக் கதை.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருகிறேன், அது உங்களுடையது, அப்பா அம்மாவுடையது அல்ல. ஸ்டாம்பிங் முடிந்த ஹெச்-1பி-காரர்கள் கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தானியங்கி விசா மறுசெல்லுபடி என்பது அதுதான்; அமெரிக்க விதித்தொகுப்பில் 22 சி.எஃப்.ஆர். 41.112(டி). கோசுமெல் மெக்ஸிகோவில் இருப்பதால் உங்கள் கப்பலுக்கும் அது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தாது. ஹெச் விசாக்காரர் அண்டை நிலப்பகுதிக்கு மட்டும், அதாவது கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் மட்டும், போயிருக்க வேண்டும். கப்பல் கேமனிலும் ஜமைக்காவிலும் நின்றவுடன் அந்தச் சலுகை போய்விடுகிறது. அங்கே கரையில் இறங்காமல் கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என நம்பித் திட்டம் போடாதீர்கள். எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் கியூபா தவிர்த்த ‘பக்கத்துத் தீவுகளும்’ அதே விதியில் சேர்த்தி. ஜமைக்கா, பஹாமாஸ், பார்படோஸ், கரீபியனில் உள்ள பிரிட்டிஷ் பகுதிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும், கேமன் உட்பட. அதனால்தான் அலுவலகத்தில் ஒருவர் ‘நான் ஓபிடி-யில் இருந்தப்ப காலாவதி விசாவோட போயிட்டு வந்தேனே’ என்று சொல்வார் (ஓபிடி என்பது எஃப் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் காலம்). அவர் சொல்வது உண்மை, ஆனால் உங்களுக்கு உதவாது.

ஆகவே நீங்களும் மனைவியும் செல்லுபடியாகும் ஹெச் ஸ்டாம்பிங் இல்லாமல் இந்தக் கப்பலில் ஏறக் கூடாது. ஏறவும் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது அனுமதி கிடைக்காத பயணியை ஏற்றிவந்தால் அபராதம் கப்பல் நிறுவனத்துக்கு. அதனால் மயாமி முனையத்தில் செக்-இன் மேசையிலேயே விசாப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே திருப்பி அனுப்பினால் பணம் திரும்பாது, ஆவணம் உங்கள் பொறுப்பு என்று பயண ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். மெக்ஸிகோத் துறைமுகங்களில் மட்டும் நிற்கும் கப்பல்கள் கால்வெஸ்டனிலிருந்து கிளம்புகின்றன. டெக்சஸில் இருக்கும் உங்களுக்கு அது பக்கமும்கூட. விதியின் சொற்களைப் பார்த்தால் அது ஹெச்-1பி-க்குப் பொருந்துகிறது. ஆனால் இங்கே உறுதி சற்றுக் குறைவு: செக்-இன் ஊழியருக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, சில நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியில் செல்லுபடியாகும் விசா வேண்டும் என்றே வைத்திருக்கின்றன. முன்பதிவுக்கு முன் எழுத்தில் பதில் வாங்குங்கள். புது விசாவுக்கு விண்ணப்பித்து முடிவு வராமல் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டு நிலுவையில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. கப்பல் பயணமும் நாட்டை விட்டு வெளியேறுவதுதான். அட்வான்ஸ் பரோல் என்ற முன் பயண அனுமதி இல்லாமல் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் ஹெச் அல்லது எல் விசாவில் திரும்புபவர்களுக்கு விலக்கு உண்டு. ‘ஏழே நாள்தான், மயாமியிலேயே ஏறி மயாமியிலேயே இறங்குகிறோம்’ என்பது இதில் எதையும் மாற்றாது. இந்த இடத்தில் ஒரு குடியேற்ற வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது செலவே அல்ல.

அப்பா அம்மாவுக்கு வருவோம். பத்து வருட பி-1/பி-2 விசாவில் ‘என்ட்ரீஸ்’ என்ற இடத்தில் ‘எம்’ என்று இருந்தால் பலமுறை நுழையலாம், விசா சரி. பார்க்க வேண்டியது ஐ-94 தேதி, அதாவது எந்த நாள் வரை தங்கலாம் என்ற பதிவு. வழக்கமான ஆறு மாதத்தில் நாலு போனால் இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம்தான் மீதி. பக்கத்துத் தீவுகளுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்புகிறவரைப் பழைய ஐ-94-இன் மீதி நாளுக்கே உள்ளே விடலாம், புதிதாக ஆறு மாதமும் கொடுக்கலாம். இரண்டும் நடக்கிறது, அந்த மேசையில் இருக்கும் அதிகாரியின் முடிவு அது. கப்பலில் போய்வந்தால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு இந்தியா திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிவைக்காதீர்கள். தங்குவதை நீட்டத்தான் இந்தக் கப்பல் பயணம் என்ற சந்தேகம் அதிகாரிக்கு வந்தால் கேள்விகள் கூடும். திரும்பும் விமான டிக்கெட்டின் பிரதியை அப்பாவின் கைப்பையில் வையுங்கள், உங்கள் மொபைலில் மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் வரிசையில் உங்களைப் பிரித்து நிறுத்தக்கூடும். மயாமிக்குத் திரும்பிய இரண்டு நாளில் ஐ-94 தளத்தில் புதிய தேதி என்ன என்று பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருப்பது நல்லது.

நம் ஆட்களுக்கே உரிய இடைஞ்சல் பெயரில் வரும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்து முழுப்பெயரும் கிவன் நேமில் இருந்தால், அமெரிக்க விசாவில் அது தலைகீழாகிவிடும்: முழுப்பெயர் சர்நேமில், கிவன் நேம் இருக்கும் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்). கப்பல் முன்பதிவுப் படிவமோ இரண்டு பெட்டியையும் நிரப்பாமல் நகராது. பெரும்பாலோர் விசாவில் உள்ளபடியே நிரப்புகிறார்கள், திரும்பி வரும்போது ஒப்பிடப்படுவது அந்தப் பதிவுடன்தான் என்பதால். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் நிரப்பிவிட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டில் பெயர் இப்படித்தான் இருக்கிறது என்று முன்பதிவில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எதையாவது நிரப்ப வேண்டுமே என்று தாத்தா பெயரைச் சர்நேமில் போட்டுவிட்டு முனையத்தில் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்று நிறுவனம் சொல்லும். அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அதே துறைமுகத்தில் முடியும் பயணத்தில் அமெரிக்கக் குடிமக்களுக்கு அது உண்மைதான். ஆனால் நடுவழியில் யாருக்காவது உடம்பு முடியாமல் கேமனிலிருந்து விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். கேமன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் அமெரிக்கத் தூதரகம் இல்லை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் தூதரகத்தின் கீழ் ஒரு கான்சுலர் முகவர் அலுவலகம்தான். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அம்மாவின் முட்டி. கோசுமெலிலும் ஃபால்மத்திலும் கப்பல் மேடையோடு ஒட்டி நிற்கும், சாய்தளத்தில் நடந்து இறங்கலாம். கிராண்ட் கேமனில் கப்பல் கட்டும் மேடையே கிடையாது. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் தேர்தலோடு சேர்த்துப் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். அதனால் கப்பல் ஜார்ஜ் டவுனுக்கு வெளியே கடலில் நிற்கும், டெண்டர் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். கேமனில் பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகளை இறக்குவதில்லை. உள்ளூர்க்காரர்களின் பெரிய டெண்டர்கள், நூறு பேருக்கு மேல் ஏறக்கூடியவை, வந்து கப்பலின் அடித்தளக் கதவோடு ஒட்டும். இது அம்மாவுக்கு நல்லது, சிறிய படகைவிட ஆட்டம் குறைவு.

ஏறும் அந்த ஒரு நொடிதான் விஷயம். அலையில் படகு கப்பலை விட ஒரு முழம் ஏறும், இறங்கும். இருபக்கமும் ஊழியர் நின்று முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்வார்கள். படகும் கதவும் ஒரே மட்டத்துக்கு வரும்போது ‘இப்போது’ என்பார்கள், அப்போது ஒரே அடியாக வைக்க வேண்டும். தயங்கிப் பாதிக் காலை நடுவில் நிறுத்துவதில்தான் விழுவது நடக்கிறது. அம்மா கைப்பையையோ தண்ணீர் பாட்டிலையோ பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். புடவை என்றால் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், சுடிதார் இன்னும் நல்லது. மடக்கும் சக்கர நாற்காலியை ஊழியர் தூக்கிக் கொடுப்பார்கள். பேட்டரி நாற்காலியையும் கனமான ஸ்கூட்டரையும் டெண்டரில் பல நேரம் விடுவதில்லை. அலை அதிகம் என்று தோன்றினால் சக்கர நாற்காலிக்காரரை அன்றைக்கு மறுக்கும் உரிமை கப்பலுக்கு உண்டு. காலையில் முதல் கூட்டம் போகட்டும், பத்தரை மணிக்கு மேல் வரிசையும் குறையும், அவசரப்படுத்துபவரும் இருக்க மாட்டார்கள்.

அலை ஏன் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை? ஜார்ஜ் டவுன் தீவின் மேற்குக் கரை. வருடத்தில் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து வீசும், தீவே தடுப்புச் சுவராகி மேற்கு குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வட அமெரிக்காவிலிருந்து குளிர்க்காற்று இறங்கும்போது திசை மாறி வடமேற்கிலிருந்து அடிக்கும், அங்கே ‘நார்வெஸ்டர்’ என்பார்கள். அப்போது அதே மேற்குக் கரை திறந்து கிடக்கும். கப்பல்கள் தென்கரையில் ஸ்பாட்ஸ் என்ற சிறிய இறங்குதுறைக்கு நகரும். அங்கிருந்து ஊருக்கு வண்டியில் வர வேண்டும். அங்கும் முடியாவிட்டால் கேமனை விட்டுவிட்டு நேரே அடுத்த துறைமுகம். அப்படி விட்டால் துறைமுகக் கட்டணம் கப்பலில் உள்ள உங்கள் கணக்கில் திரும்பும், கப்பல் வழியாகப் பதிந்த உலாவுக்குப் பணம் வரும், வேறு நஷ்டஈடு எதிர்பார்க்க முடியாது. தனியாரிடம் பதிந்திருந்தால் ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய உள்ள நாட்கள்தான் முட்டிவலிக்காரருக்கு என் தேர்வு.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கேமனில் வருடம் முழுக்க ஒரே நேரம், கோடைக்கு மாற்ற மாட்டார்கள். மயாமியில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒரு மணி முன்னே ஓடும். மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பலில் மூன்றரைக்குக் கடைசி டெண்டர் என்றால், தீவு நேரத்தில் அது இரண்டரை. உங்கள் மொபைல் கரையிறங்கியதும் தானாகத் தீவு நேரத்துக்கு மாறி ‘இரண்டே முக்கால்தானே, இன்னும் நேரம் இருக்கிறது’ என்று காட்டும், டெண்டர் போய்க் கால் மணி ஆகியிருக்கும். மொபைலில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து அதை மட்டும் நம்புங்கள். முந்தைய இரவு கேபினுக்கு வரும் அறிவிப்பில் கப்பல் நேரமா உள்ளூர் நேரமா என்று எழுதியிருக்கும். கப்பல் ஏற்பாடு செய்த உலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும். தனியார் உலா என்றால் காத்திருக்காது. அப்படித் தவறவிட்டவர்களின் கேபினில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் கிளம்பும், ஆகவே பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்தில் வையுங்கள், சூட்கேஸ் அடியில் வேண்டாம்.

கரையில் கிடைக்கும் ஆறேழு மணி நேரத்தில் எல்லோரும் கேட்பது ஸ்டிங்ரே சிட்டி, நார்த் சவுண்டில் உள்ள மணல்திட்டு. அந்தக் காலத்தில் மீனவர்கள் அமைதியான இந்தத் தண்ணீரில் மீன் கழுவிக் குடலை எறிய, திருக்கை மீன்கள் அதற்கென்றே கூடப் பழகின. இடுப்பளவுத் தண்ணீர். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டு நடக்க வேண்டும், மிதித்தால்தான் வால் முள் குத்தும். செருப்பு போடக் கூடாது, மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்குவதும் சட்டப்படி தவறு. முனையத்திலிருந்து வண்டி, பிறகு படகு, திரும்பி வர என்று மூன்று மணி நேரம் ஆகிவிடும். படகிலிருந்து ஏணியில் ஏறி இறங்குவது அம்மாவுக்கு ஒத்துவராது. அவர் படகிலேயே உட்கார்ந்து பார்க்கலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. இல்லையென்றால் அப்பாவும் அம்மாவும் செவன் மைல் கடற்கரையில் குடைக்கடியில் நாற்காலி எடுத்துக்கொள்ளட்டும். டாக்ஸி ஏறுமுன் கட்டணம் தலைக்கா வண்டிக்கா, எந்த டாலரில் என்று கேளுங்கள். ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள், கடைகளில் அமெரிக்க டாலரை 80 காசாக எடுப்பார்கள். உணவுப் பட்டியலில் 20 என்று இருந்தால் உங்கள் கையிலிருந்து போவது 25. மலிவான ஊர் இல்லை.

வாங்கக் கூடாதவை மூன்று. கியூபச் சுருட்டு கடையில் வெளிப்படையாக விற்கும், 2020 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுவரத் தடை. ஆமை ஓட்டிலோ தோலிலோ செய்த எதுவும், பண்ணை ஆமை என்றாலும், சுங்கத்தில் போய்விடும். கறுப்புப் பவளம், ராணிச் சங்கு இவற்றுக்குத் தனி ஆவணம் வேண்டும். கடைக்காரர் ‘ஒன்றும் ஆகாது’ என்பது ஆவணமல்ல. ரம் கேக் தாராளமாக வாங்கலாம். கப்பலிலிருந்து ஆப்பிள், வாழைப்பழம் எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்காதீர்கள். ஜமைக்காவில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை, பிள்ளையின் சட்டையானாலும், போடக் கூடாது.

கோவிட் விதிகள் போனதால் கப்பலில் தொற்று போய்விடவில்லை. வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ்தான் பழைய எதிரி. பயணிகளிலோ ஊழியரிலோ 3 சதவீதம் பேர் மருத்துவ அறையில் வயிற்றுப்போக்கைச் சொன்னால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தக் கப்பலின் பெயரைப் பகிரங்கமாக வெளியிடும். சாப்பாட்டு அறை வாசலில் பீய்ச்சும் சானிடைசர் இந்த வைரஸிடம் அதிகம் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான்.

அப்பா அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸைத் திறந்து, அமெரிக்காவுக்கு வெளியே செல்லுமா, கப்பலில் செல்லுமா, அவசர மருத்துவ விமானத்துக்கு எவ்வளவு என்ற மூன்றையும் பாருங்கள். நிறைய பாலிசிகள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். கப்பல் மருத்துவர் பில்லை உங்கள் கேபின் கணக்கில் ஏற்றுவார், காப்பீட்டிடம் கேட்டுப் பெறுவது உங்கள் வேலை. கிராண்ட் கேமன் இந்த விஷயத்தில் சிறு தீவுகளில் நல்ல தீவு. பெங்களூரின் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய ஹெல்த் சிட்டி மருத்துவமனை 2014 முதல் ஈஸ்ட் எண்டில் இயங்குகிறது, இதய சிகிச்சைக்குப் பேர் போனது. கிழக்குக் கோடியில் இருப்பதால் ஜார்ஜ் டவுனிலிருந்து காரில் போகவே நேரம் பிடிக்கும்.

உங்கள் நிலைமையில் இரண்டே வழிதான் தெரிகிறது. அப்பா அம்மாவை மட்டும் இந்தக் கப்பலில் அனுப்புவது சட்டப்படி சாத்தியம், ஆனால் ஆங்கிலத்தில் சமாளிப்பார்களா, அந்த டெண்டரில் அம்மாவின் கையைப் பிடிக்க அப்பாவால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்றால் கால்வெஸ்டன் மெக்ஸிகோக் கப்பலைப் பற்றி நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் ஐ-797, காலாவதி தேதி, விதி எண் மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முன்பணம் கட்டுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகைக் கட்டணமாகவே இருக்கட்டும்.